முப்பது நாளில் பறிபோகும் மூன்று தலைமுறை நிலம்



கோர்ட்டில் கேஸ் தோற்பது ஒன்று. கேஸை யாரும் காது கொடுத்துக் கேட்காமலே தோற்பது இன்னொன்று. நம்மில் பலர் நிலத்தை விடுவது இரண்டாவது வழியில்தான்.

எங்கள் சங்க உறுப்பினர் ஒருவருக்கு ஒண்ணரை ஏக்கர் நஞ்சை. வரப்புத் தகராறு முன்சீப் கோர்ட்டில் பதினோரு வருஷம் இழுத்தது. தீர்ப்பு எதிராக வந்தபோது அறுப்புக் காலம். "அப்பீல் போட்டுக்கலாம், சொல்லி அனுப்புறேன்" என்றார் வக்கீல். அறுத்து, நெல்லைப் போட்டு, காசு புரட்டிக்கொண்டு போனபோது எழுபது நாள் ஓடிவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "காலம் கடந்த அப்பீல், இதுவே எங்கள் பூர்வாங்க ஆட்சேபணை" என்றார். தாமத மனு தள்ளுபடி. பத்திரம் என்ன சொல்கிறது, வரப்பு எங்கே இருந்தது என்று அந்தக் கோர்ட் பார்க்கவே இல்லை.

தப்பு எங்களுடையதும்தான். சங்கத்தில் அந்தத் தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

சட்டம் சொல்வது இதுதான். முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து சப் கோர்ட்டுக்குப் போக 30 நாள். ஐகோர்ட்டுக்கு 90 நாள். நகல் மனுக் கொடுத்த நாளிலிருந்து நகல் தயாராகும் நாள் வரை இந்தக் கணக்கில் சேராது. மனுக் கொடுக்காமல் வீட்டில் இருந்த நாளும், தயாரான நகலை வாங்காமல் விட்ட நாளும் நம் தலையில்தான் ஏறும். எதிராளி வாய் திறக்காவிட்டாலும், காலம் கடந்த அப்பீலைக் கோர்ட்டே தள்ளியாக வேண்டும் என்கிறது 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டம். அப்பீல் நடக்கும்போது கட்சிக்காரர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். அதைத் தவற விட்டாலும் ஆட்சேபணை வரும். அப்பீல் போட்டதாலேயே ஸ்டே கிடைத்துவிடாது. தாமத மனு முடியும் வரை ஸ்டேயே கிடையாது. அதற்குள் அமீனா வயலுக்கு வந்து நிற்பார்.

அரசாங்கம் தாமதித்தால் என்ன நடக்கிறது? காஷ்மீரில் அனந்தநாக் நில எடுப்பு வழக்கில் நிலத்துக்குக் கூடுதல் இழப்பீடு கிடைத்தது. அதை எதிர்த்து அரசுத் தரப்பு 4 நாள் தாமதமாக அப்பீல் போட்டது. ஐகோர்ட் தள்ளியது. 1987-இல் சுப்ரீம் கோர்ட் அந்த 4 நாளை மன்னித்தது. தாமத மனுவைத் தாராளமாகப் பார்க்க வேண்டும், எல்லாக் கட்சிக்காரருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்றும் சொன்னது. நாங்கள் கேட்பதும் அதுதான். அரசுக்குக் கொடுத்த தாராளத்தை ஒண்ணரை ஏக்கர்காரனுக்கும் கொடுங்கள்! 2012-இல் தபால் துறையின் 427 நாள் தாமதத்தை அதே சுப்ரீம் கோர்ட் மன்னிக்க மறுத்தது. ஃபைல் மேஜை மேஜையாக நகர்ந்தது என்பதெல்லாம் காரணமாகாது என்றது. இந்த இரண்டு தீர்ப்பையும் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

நம் கோரிக்கைகள்:

1. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில், அப்பீல் எந்தக் கோர்ட்டில், எத்தனை நாளுக்குள் என்று தமிழில் எழுதித் தர வேண்டும்.

2. நகல் மனுக்களைக் கிடப்பில் போடாமல் உடனுக்குடன் நகல் வழங்க வேண்டும்.

3. அறுவடை, வெள்ளம், நோய் ஆகியவற்றைச் சிறு விவசாயியின் தாமத மனுவில் தக்க காரணமாக ஏற்க வேண்டும்.

4. நில எடுப்பு வழக்குகளில் காலம் கடந்து அப்பீல் போட்டு இழப்பீட்டை முடக்குவதை அரசு கைவிட வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை நாமும் சும்மா இருக்க முடியாது. ஆடிப்பட்டம் தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு அப்பீல் தேதி தவறலாமா? தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனுக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச வக்கீல் உண்டு. இனி கிளைதோறும் ஒரு கேஸ் நோட்டு வைக்கிறோம். கேஸ் நம்பரையும் தீர்ப்புத் தேதியையும் கிளைச் செயலாளரிடம் பதிந்து வையுங்கள். கடைசி நாள் வருமுன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவது சங்கத்தின் பொறுப்பு.

நம் நிலத்தின் நியாயத்தைக் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்லட்டும். நாளை எண்ணி நிலத்தைப் பறிக்க விடமாட்டோம்!

அணி திரள்வோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!