பொய்யின் சந்தை நம் செவிகளே



இந்நாட்டில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் பங்கின் வாட்ஸப் குழுக்களில், திருப்பலி நேர அறிவிப்புகளுக்கும் இரங்கல் செய்திகளுக்கும் இடையே, "வாக்குத் திருட்டு" பற்றிய காணொளிகள் வந்து விழுகின்றன. அனுப்பியவரைக் கேட்டால், "எல்லா ஊடகங்களும் பொய்தானே சொல்லுகின்றன, ஃபாதர்? வந்ததைப் பகிர்ந்தேன், அவ்வளவுதான்" என்கிறார். எக்கட்சிக்கு வாக்களிப்பது என்று சொல்வது என் பணியன்று. ஆனால் இந்த மறுமொழி பொய்யானது, பொறுப்பற்றது, எட்டாம் கட்டளைக்கு முரணானது என்று சொல்வது என் பணி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். நம் தாய்நாடுகளில் தேர்தல் ஆணையம் முடிவை அறிவிக்கும். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் வாக்கெண்ணி முடிவு அறிவிக்கும் ஓர் ஆணையம் இல்லை. மாவட்டங்கள் எண்ணுகின்றன, மாநிலங்கள் சான்றளிக்கின்றன, அதற்குப் பல நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் ஆகும். தேர்தல் இரவில் தொலைக்காட்சி "வென்றார்" என்று சொல்வது வெறும் கணிப்பு. தீர்ப்பு பின்னரே வரும். நெருக்கமான தேர்தலில் கணிப்புக்கும் தீர்ப்புக்கும் இடையிலான அந்த நாட்களில்தான் சாத்தான் விதைக்கிறான்.

2000ஆம் ஆண்டு நவம்பர் 7 இரவை நினைவுகூருங்கள். பெரும் தொலைக்காட்சிகள் யாவும் தாங்கள் கூட்டாக அமைத்த ஒரே நிறுவனத்தின் தரவையே நம்பியிருந்தன. ஃபுளோரிடாவின் மேற்குப் பகுதியில் வாக்குச்சாவடிகள் மூடப்படுவதற்கு முன்னரே அல் கோர் அம்மாநிலத்தை வென்றதாக அறிவித்தன. இரவு 10 மணியளவில் அதைத் திரும்பப் பெற்றன. அதிகாலை 2 மணிக்குப் பின் ஃபாக்ஸ் நியூஸ் ஜார்ஜ் புஷ் வென்றார் என்றது. சில நிமிடங்களில் மற்றவையும் பின்தொடர்ந்தன. அதை நம்பிக் கோர் தொலைபேசியில் தோல்வியை ஒப்புக்கொண்டார். பின்னர் மீண்டும் அழைத்து அதைத் திரும்பப் பெற்றார். 4 மணியளவில் அந்த அறிவிப்பும் கைவிடப்பட்டது. ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் இறுதியாகச் சான்றளிக்கப்பட்ட வேறுபாடு 537. அதனை எந்தக் கணிப்பாலும் ஓர் இரவில் அறிந்திருக்க முடியாது.

அது அவசரத்தின் குற்றம், வெட்கத்துக்குரியது. எனினும் அது பிழை. தவறியவர்கள் சில மணி நேரத்தில் அதே திரையில் தோன்றித் தவறினோம் என்றார்கள். பிழையும் பொய்யும் ஒன்றல்ல என்பதை மறந்தவர்களே "எல்லாரும் பொய்யர்" என்று பேசுகிறார்கள்.

இனி 2020ஐப் பாருங்கள். பெருந்தொற்றின் காரணமாகக் கோடிக்கணக்கானோர் தபாலில் வாக்களித்தனர். பென்சில்வேனியா, விஸ்கான்சின் மாநிலங்களின் சட்டப்படி அந்த உறைகளைத் தேர்தல் நாளுக்கு முன் பிரிக்கவும் கூடாது. ஆகவே நேரில் போட்ட வாக்குகள் முதலிலும் தபால் வாக்குகள் பின்னரும் எண்ணப்படும், முன்னணி மாறும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட செய்தி. ஆயினும் நள்ளிரவுக்குப் பின் எண்ணிக்கை மாறியபோது "எங்கிருந்தோ வாக்குகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள்" என்று நம்மவரும் பகிர்ந்தனர். ஜார்ஜியாவில் ஏறத்தாழ 50 லட்சம் வாக்குகள் மும்முறை எண்ணப்பட்டன. அவற்றுள் ஒருமுறை ஒவ்வொரு சீட்டையும் கையால் எடுத்து எண்ணினர். மும்முறையும் வெற்றியாளர் மாறவில்லை. தோற்ற தரப்பு தொடுத்த 60க்கும் மேற்பட்ட வழக்குகளில் ஏறத்தாழ அனைத்தும் தோல்வியுற்றன.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்தத் தேர்தல் இரவில் அரிசோனாவில் பைடன் வென்றார் என்று முதலில் அறிவித்தது ஃபாக்ஸ் நியூஸ். அவசரப்பட்டார்கள் என்று குறை கூறலாம். ஆனால் முடிவு அதுவே ஆயிற்று. வேறுபாடு 10,457 வாக்குகள். அதற்குக் கிடைத்த பரிசு என்ன? அதன் பார்வையாளர்களே சினந்து, தங்களுக்கு இனியதைச் சொல்லும் வேறு அலைவரிசைகளுக்கு மாறத் தொடங்கினர். அந்த அச்சத்தில், வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியன் தேர்தலைத் திருடியது என்னும் கூற்றுக்கு அந்நிறுவனம் மேடையமைத்தது. திரையில் தோன்றியோர் சிலர் தங்களுக்குள் அக்கூற்றை நம்பாமல் ஏளனம் செய்துகொண்டிருந்தனர் என்பது பின்னர் வழக்கில் வெளியான குறுஞ்செய்திகளால் தெரியவந்தது. 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

சிந்தியுங்கள். உண்மை சொன்னபோது மக்கள் விலகினர். பொய் சொன்னபோது மக்கள் தங்கினர். அப்படியானால் அந்தப் பொய்யை உண்டாக்கியவர் யார்? விற்றவன் குற்றவாளிதான். ஆனால் உண்மையை விலைபோகாச் சரக்காக்கியவர்கள், வாங்க வந்தவர்கள். செவித்தினவு கொண்டோர் தமக்கு ஏற்ற போதகர்களைத் திரட்டிக்கொள்வர் என்று திமொத்தேயுவைப் பவுலடியார் எச்சரித்தது திருச்சபைக்கு மட்டுமன்று. நாம் விரல் வைக்கும் ஒவ்வொரு விருப்பக்குறியும் ஒரு கொள்முதல். நாம் பகிரும் ஒவ்வொரு காணொளியும் அடுத்த பொய்க்கு நாம் தரும் முன்பணம்.

"பகிர்ந்ததில் யாருக்கு என்ன தீங்கு?" என்பீர்கள். அட்லாண்டாவில் வாக்கெண்ணிய ஒரு தாயையும் மகளையும் எண்ணிப் பாருங்கள். வழக்கமான வாக்குப் பெட்டிகளை எடுத்ததைச் சூட்கேஸில் ஒளித்த கள்ளவாக்கு என்றார்கள். தாய் மகளுக்குக் கொடுத்த இஞ்சி மிட்டாயைத் தரவுக் கருவி என்றார்கள். விசாரணைகளில் அவர்கள் எக்குற்றமும் செய்யவில்லை என்று உறுதியாயிற்று. அதற்குள் கொலை மிரட்டல்கள் குவிந்து, தாய் தம் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2023 டிசம்பரில் நடுவர் குழு அவர்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதைக் கொண்டு பழைய வீட்டின் நிம்மதியை வாங்க இயலுமா? அந்தக் காணொளியைப் பகிர்ந்த கைகளில் செபமாலை ஏந்திய கைகளும் இருந்திருக்கும் என்பதே என்னை வருத்துகிறது.

நெருக்கமான தேர்தல் ஒரு நாட்டை உடைத்தே தீரவேண்டும் என்பதில்லை. 2001 ஜனவரி 6 அன்று, துணை அதிபராக அவையில் அமர்ந்து தம் தோல்வியைத் தாமே எண்ணி அறிவித்தார் கோர். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். ஆயினும் அன்று தம் கட்சியினர் எழுப்பிய மறுப்புகளை, விதிப்படி ஒரு செனட்டரின் கையொப்பம்கூட இல்லை என்று தாமே தள்ளிவைத்தார். சரியாக 20 ஆண்டுகளுக்குப் பின், 2021 ஜனவரி 6 அன்று, அதே கட்டடத்தின் கதவுகளும் கண்ணாடிகளும் உடைக்கப்பட்டன; நூற்றுக்கும் மேற்பட்ட காவலர் காயமுற்றனர். இயேசுவின் பெயரெழுதிய பதாகைகளும் அக்கூட்டத்தில் இருந்தன. முதல் நாளில் தோற்றவரிடம் மனக்குறை இருந்தது. இரண்டாம் நாளில் பொய் இருந்தது. வேறுபாடு அவ்வளவே.

எனவே பங்கு மக்களிடம் மூன்று கேட்கிறேன். தேர்தல் இரவில் முடிவு தெரியாவிட்டால், எண்ணுகிறவர்களைத் திருடர் என்னாமல் காத்திருங்கள். எண்ணிக்கை தாமதமாவது குற்றமன்று. உங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் செய்தியையே முதலில் ஐயுறுங்கள். பகைவர் சொல்லும் பொய் நம்மை எளிதில் ஏமாற்றாது, நம் ஆசை சொல்லும் பொய்யே ஏமாற்றும். மூன்றாவதாக, பிறருடைய நற்பெயரைக் கெடுத்தவர் அதை ஈடுசெய்யவும் கடமைப்பட்டவர் என்று நம் மறைக்கல்வி கற்பிக்கிறது. ஆகவே பொய்யொன்றைப் பகிர்ந்தவர் அதை ஓசையின்றி அழித்துவிட்டால் போதாது. எந்தக் குழுவில் பகிர்ந்தாரோ அதே குழுவில், "நான் அனுப்பியது பொய்" என்று எழுதவேண்டும்.

ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும்போது "பொய் சொன்னேன்" என்று சொல்லப் பழகியிருக்கிறோம். இனி "பொய்யை விரும்பிக் கேட்டேன், விரும்பிப் பரப்பினேன்" என்றும் சொல்லப் பழகுவோம்.

செபத்துடன்,
உங்கள் பங்குப்பணியாளர்