மேடைச் சண்டையும் மெய்யான வீழ்ச்சியும்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் எங்கள் கல்லூரியில் ஒரு சிறு விபத்து நிகழ்ந்தது. எட்டாந் தரத்து மாணவன் ஒருவன், ஆசிரியர் இல்லாத பாடவேளையில் மேசை மீதேறி, இரு கைகளையும் விரித்துக்கொண்டு, கீழே நின்ற தோழன்மீது பாய்ந்தான். தோழன் விலகிக்கொண்டான். பாய்ந்தவனுக்கு இடக்கை எலும்பு முறிந்தது. செய்தி ஆசிரியர் ஓய்வறையை எட்டியபொழுது நண்பர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "என்ன மாஸ்டர், உங்கட றெஸ்லிங் பார்த்த வேலையைப் பார்த்தியளே! எல்லாம் பொய்யென்று தெரிஞ்சும் ஏன் அதைப் பார்க்கிறியள்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. நாற்பதைக் கடந்த தமிழாசிரியன் ஒருவன், வார இறுதியில் தன் மகனுடன் அமர்ந்து அமெரிக்க மல்யுத்தத்தையும் முகமூடி வீரர்களின் தொலைக்காட்சித் தொடர்களையும் பார்ப்பது சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு வேதனையாகவும் இருத்தல் கூடும். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இன்று வாசகர்களையே நடுவராக வைத்து என் வழக்கை உரைக்கின்றேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றேன். அந்த மல்யுத்தத்தில் வெல்பவர் யார், தோற்பவர் யார் என்பது முன்னரே தீர்மானிக்கப்படுவது. அவ்வுண்மையை மறைத்துக் காக்கும் வழக்கத்திற்கு அத்தொழிலினர் 'கேஃபேப்' என்று பெயரிட்டிருந்தனர். ஆயின் 1989 ஆம் ஆண்டில், இன்று டபிள்யூ டபிள்யூ ஈ என வழங்கும் அந்நிறுவனமே, தான் நடத்துவது போட்டியன்று, பொழுதுபோக்குக் காட்சியே என நியூ ஜேர்சி மாநில மேற்சபை முன்னிலையில் ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிகளுக்குரிய அரசாங்கக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதே அதன் நோக்கம். இரகசியம் வெளிப்பட்டபின் இரசிகர் கலைந்து போயினரா? இல்லை. முன்னிலும் பெருகினர்.

இதில் வியப்பென்ன? நம் ஊர்க் காத்தவராயன் கூத்தில் கழுமரம் ஏறும் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஏறுபவர் நாளைக் காலையில் நம்முடன் சந்தையில் நிற்கப்போகும் அயலவரே என்பதைச் சபை நன்கறியும். அறிந்தும் தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொள்கின்றனர். அவர்களை ஏமாந்தவர் என்று எவரும் கூறுவதில்லை.

கூத்தின் சபைக்கும் மல்யுத்தச் சபைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பின்னது கதையையே மாற்ற வல்லது. 2014 ஜனவரி 26 ஆம் நாள் பிற்ஸ்பேர்க் நகரில், முப்பதுபேர் ஒருவர்பின் ஒருவராகப் புகும் 'றோயல் றம்பிள்' நடந்தது. உயரத்திற் குறைந்தவரும், மற்றோரைப்போல் மலைபோன்ற உடலற்றவருமான டானியல் பிறையன் அதில் வரவேண்டுமெனச் சபை காத்திருந்தது. முப்பதாமவராக வந்தவரோ றே மிஸ்ரீரியோ. அவரும் மக்கள் போற்றிய வீரரே. எனினும் பிறையனுக்கு இடமில்லை என்பது உறுதியானதும் சபை அவரையே எள்ளிக் கூவிற்று. இறுதியில் வென்ற பற்றிஸ்ராவும் அக்கூச்சலுக்குத் தப்பவில்லை. அந்தக் கோபம் மேடையில் நின்ற வில்லன்மீது எழுந்ததன்று. கதையை எழுதியவர்மீது எழுந்தது. கூச்சல் வாரந்தோறும் தொடர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் நியூ ஒர்லீன்ஸ் நகரிலே பிறையன் ஒரே இரவில் இருமுறை பொருதி வாகை சூடினார்.

முகமூடி வீரர்களின் தொடர்களில் இரசிகனுக்கு இந்த வலிமை இல்லை. 2012 முதல் 2020 வரை ஒளிபரப்பான 'அரோ' தொடரை எடுத்துக்கொள்வோம். தீவொன்றில் ஒதுங்கி ஐந்தாண்டின் பின் ஊர் திரும்பும் செல்வக் குமாரன் ஒலிவர் குவீன், வில்லேந்தித் தன் நகரைக் காப்பது அதன் கதை. நான்காம் பருவத்தின் தொடக்கத்திலேயே ஒரு புதைகுழியைக் காட்டி, அதில் உறங்குபவர் யார் என எம்மை மாதக்கணக்கிற் காக்க வைத்தனர். 2016 ஏப்ரலில் விடை வந்தது: லோறல் லான்ஸ். அரும்பாடுபட்டுப் பயின்று அப்பொழுதுதான் வீராங்கனையாக நிமிர்ந்திருந்தவள். மூலச் சித்திரக் கதைகளில் நாயகனுக்கு இணையாக விளங்கியவளும் அவளே. இரசிகர் கொதித்தனர். நானும் அன்றிரவு முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் உணவருந்தினேன். ஆயினும் படம் பிடித்து முடித்த காட்சியை நோக்கி எவ்வளவு கூவி என்ன பயன்? அதே நடிகை வேறோர் உலகத்து லோறலாகப் பின்னர் வந்தார். எமக்கு அவள் இவளல்லள்.

இவ்விரு உலகங்களும் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தன. 2015 ஓகஸ்ட் 23 ஆம் நாள், நியூ யோர்க்கின் புறூக்ளினில், ஒலிவர் குவீனாக நடித்த ஸ்ரீபன் அமெல் தாமே மல்யுத்த மேடையேறினார். எதிரணியில் நின்றவர் முகத்தில் வண்ணம் பூசிய 'ஸ்ரார்டஸ்ற்'. சித்திரக் கதை வில்லனைப் போன்ற அவ்வேடத்தின் உள்ளே இருந்தவர் கோடி றோட்ஸ். அவருடைய தந்தை, புகழ்பெற்ற மல்லர் டஸ்ரி றோட்ஸ், அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர்தான் காலமாகியிருந்தார். அந்நிறுவனத்தின் உலகப் பட்டம் தந்தைக்கு ஒருநாளும் கிட்டவில்லை. மகன் 2016 இல் நிறுவனத்தை விட்டு நீங்கி, 2022 இல் தம் சொந்தப் பெயருடன் மீண்டு, அப்பட்டத்தை வெல்வதே தமது கதையின் முடிவு எனக் கூறினார். 2023 இல் தோற்றார். 2024 பெப்ரவரியில் அவருடைய இடம் 'றொக்' எனும் நடிகர் டுவேன் ஜோன்சனுக்குப் போகப்போகிறது என்ற நிலை தோன்றியதும், சபை மீண்டும் கொதித்தெழுந்தது. கதை மீண்டும் திருந்திற்று. ஏப்ரல் 7 ஆம் நாள் பிலடெல்பியாவில் றோமன் றெயின்ஸின் 1,316 நாள் ஆட்சியைக் கோடி முடித்தார். என் மகன் துள்ளினான். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஆகவே இரசிகன் கேட்பது மெய்யான சண்டையன்று; வாக்குத் தவறாத கதை. சான்றோர் காவியத்தில் வேண்டுவதும் அதுவன்றோ?

நிற்க. இவ்வழக்கில் எனக்கெதிரான சாட்சியையும் நானே கூறல் வேண்டும். 1999 மே 23 ஆம் நாள், கன்சாஸ் சிற்றியில், ஓவன் ஹாட் என்ற 34 வயது மல்லர் 'புளூ பிளேசர்' என்ற வேடம் புனைந்திருந்தார். முகமூடியும் மேலாடையும் அணிந்து, வானிலிருந்து வரும் வீரர்களைப் பகடி செய்யும் வேடம் அது. அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டியவர், பிணைப்பு விடுபட்டு, இருபது மீற்றருக்கும் அதிகமான உயரத்திலிருந்து விழுந்து மாண்டார். இது காட்சியின் பகுதியன்று என வர்ணனையாளர் ஜிம் றோஸ் தொலைக்காட்சி நேயர்களுக்கு அறிவிக்க நேர்ந்தது. அவர் இறந்த செய்தி அரங்கிலிருந்தோருக்கு அன்றிரவு சொல்லப்படவில்லை. காட்சியும் நிறுத்தப்படவில்லை. அன்று நிறுத்தாதது பெரும் பிழை என்பதே என் துணிபு. கதைக்காக உடலை வருத்துபவன் வீழ்ந்தபின் கதைக்கு அங்கு வேலையில்லை.

தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால், மேற்சொன்ன டானியல் பிறையனும் 2016 இல் மேடையைத் துறக்க நேர்ந்தது. 2018 இல் மருத்துவர் இசைந்த பின்னரே மீண்டார்.

விடுமுறையில் அம்மாணவனைப் பார்க்க அவன் வீட்டுக்குச் சென்றேன். கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். சற்று நேரம் தயங்கிவிட்டு, "சேர், அவங்கள் விழுறது பொய்தானே? பிறகு எனக்கு ஏன் கை முறிஞ்சது?" என்று கேட்டான்.

நண்பருக்கு நான் கூற மறந்த விடை அப்பொழுதுதான் எனக்குப் புலனாயிற்று. "வெற்றி மட்டும்தான் தம்பி பொய், விழுறது பொய்யில்லை" என்றேன். அம்மேடை உருக்குச் சட்டத்தின்மேற் பலகை பரப்பி, மெல்லிய மெத்தையும் துணியும் விரித்தது என்பதையும், நாடியை நெஞ்சோடு சேர்த்து முதுகு முழுவதும் பட விழுவதற்கே அவர்கள் நெடுநாள் பயில்வர் என்பதையும் விளக்கினேன். "அதைவிட முக்கியமானது ஒன்று. மேலேயிருந்து பாயிறவனை ஏந்திப் பிடிக்கிறது கீழே நிற்கிற எதிரியின்ர பொறுப்பு. உன்ர கூட்டாளிக்கு அது தெரியாது, அதனால் விலகிவிட்டான்."

பையன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்ப எதிரிதான் காப்பாற்றுறவனோ, சேர்?" என்றான்.

ஆம் என்றேன். அதற்காகவே நான் அதைப் பார்க்கின்றேன் என்பதை நண்பருக்கும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கின்றேன். புதிய தவணையின் முதற்பாடம் இலக்கணமன்று; எட்டாந் தரத்திற்கு மேசைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கின்றது.