வேறொரு கை தொடரும் கதை

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவே குமரகோட்டம் இருக்கிறது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய இடம் என்று ஊர் இன்றும் அங்குள்ள மண்டபத்தைக் காட்டும். வடமொழி ஸ்காந்தத்தின் சங்கர சங்கிதையில் வரும் சிவரகசிய காண்டத்தைத் தழுவி, ஆறு காண்டங்களாக, 10,000க்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் பாடிய நூல் அது. அரங்கேற்றத்தின் முதல் நாள், முதல் பாட்டின் முதல் சீரைக் கச்சியப்பர் பிரித்துப் பொருள் சொன்னதுமே அவையில் ஒருவர் எழுந்து தடுத்தாராம். ழகர ஒற்றின் முன் தகரம் வந்து இரண்டும் டகரமாகத் திரிவதற்கு எந்த இலக்கணத்தில் விதி இருக்கிறது என்பது அவர் கேள்வி. அடியெடுத்துக் கொடுத்தவன் முருகனே என்று கச்சியப்பர் சொன்னபோதும் அவை இறங்கி வரவில்லை. நூல் அந்த இடத்திலேயே நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒரு புலவர் அவைக்குள் நுழைந்து, வீரசோழியத்தை விரித்து, அதில் அந்த விதி இருப்பதைக் காட்டிவிட்டு மறைந்தார். வந்தவன் முருகன் என்கிறது மரபு. அதன்பின் ஓராண்டுக்காலம் அரங்கேற்றம் தடையின்றி நடந்தது.

இதைப் புராணக் கதை என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. தெய்வமே எழுதித் தந்தாலும் விதியைக் காட்டிவிட்டுத்தான் மேலே போகவேண்டும் என்று நினைத்த ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிவைத்த செய்தி இதில் இருக்கிறது. முன்பே இருந்த ஒரு கதையை வேறொரு கை எடுத்துப் புதிதாக எழுதும்போது அந்தக் கதையை நேசித்தவர்களுக்கு எழும் பதற்றம் பழையது. அந்தப் பதற்றத்துக்கு நம் முன்னோர் ஒரு மண்டபமும் ஒரு முறையும் ஒதுக்கியிருந்தார்கள்.

நம் காலத்தில் இந்தப் பதற்றம் மிக உரக்கக் கேட்பது அறிவியல் புனைவுகளைச் சுற்றித்தான். திரையில் ஓடும் ஒரு தொடரை ஒட்டி நாவல்கள் எழுதுவிப்பது மேலைநாடுகளில் பெரிய தொழில். 'ஸ்டார் வார்ஸ்' படம் 1977இல் திரைக்கு வருமுன்பே அதன் நாவல் கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர் இருந்தாலும் எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். அடுத்த ஆண்டே அவர் எழுதிய தொடர்ச்சி நாவலில் லூக்கும் லேயாவும் காதலின் விளிம்பில் நிற்பார்கள். 1983இல் வந்த படமோ அவ்விருவரும் உடன்பிறந்தோர் என்று சொல்லிவிட்டது. இப்படித் தொடங்கிய நாவல் வரிசை டிமத்தி ஜான் போன்றோர் கையில் தழைத்து, ஒரு தலைமுறை வாசகர்களின் மனத்தில் மெய்யான வரலாறு போலவே குடியேறியது. 2012இல் லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கியது. 2014இல், அதுவரை வந்த நாவல்கள் எல்லாம் இனி வெறும் 'புராணங்கள்', புதிய படங்களை அவை கட்டுப்படுத்தா என்ற அறிவிப்பு வந்தது. இருபது முப்பது ஆண்டுகள் அந்தக் கதைமாந்தரோடு வாழ்ந்தவர்கள் பட்ட துயரை எளிதாக எண்ணிவிட முடியாது. தாம் படித்தது நடக்கவே இல்லை என்று உரிமையாளர் ஒருவர் சொல்ல, அதைக் கேட்டுக்கொள்ளவேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது.

தமிழில் இந்த வழக்கு தலைகீழாக வந்தது. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' முதலில் தொடர்கதை. தூர்தர்ஷன் தொடராகத் திரைக்குப் போனது பின்னர்தான். நம் இன்றைய 2020களையே களமாக வைத்த அக்கதையில் நாயகி நிலாவையும் சர்வாதிகார அரசையும் விட வாசகர் மனத்தில் தங்கியது ஜீனோ என்ற இயந்திர நாய். அது 'மீண்டும் ஜீனோ'வில் திரும்பி வந்தது. தாம் கற்பனை செய்த ஜீனோவைச் சின்னத்திரையில் தேடிய பிள்ளைகளுக்கு இன்று நடுவயது. எழுத்தில் கண்டதும் திரையில் கண்டதும் ஒன்றாக இல்லையே என்ற மெல்லிய ஏமாற்றத்தை அவர்களில் பலர் முதன்முதலாக உணர்ந்தது அப்போதாக இருக்கலாம். ஆனால் அந்த ஏமாற்றத்துக்கு இந்த மண்ணில் வயது மிக அதிகம்.

சிலப்பதிகாரத்தைப் படித்து முடித்தவன் மாதவியின் மகள் என்ன ஆனாள் என்று கேட்காமல் இருக்கமுடியாது. அந்தக் கேள்விக்கு விடையாக வேறொரு புலவர், வேறொரு சமயத்தின் கண்கொண்டு எழுதிய தொடர்ச்சி மணிமேகலை. இளங்கோவின் நூலைப் போலவே சாத்தனாரின் நூலுக்கும் முப்பது காதைகள். ஆனால் காவியத்தின் உயிர் மாறிவிட்டது. ஊழையும் கற்பையும் பாடிய கதை, பசியையும் துறவையும் பாடும் கதையாகிறது. புகாரைக் கடல் கொள்கிறது. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை பஞ்சத்தில் வாடும் காஞ்சிக்கு வருகிறாள். இளங்கிள்ளி என்னும் மன்னன் அவளை எதிர்கொள்கிறான். அறவண அடிகள் அவளுக்கு அளவை நூலும் தருமமும் உரைக்கிறார். பிறவி அறுக அவள் நோன்பு மேற்கொள்வதோடு காவியம் இந்த ஊரிலேயே நிறைகிறது. சிலம்பின் அழகில் தோய்ந்த ஒருவருக்கு இந்தத் தருக்கப் பகுதிகள் வறண்ட பாலையாகத் தோன்றலாம். அப்படிக் குறைசொன்ன வாசகர்கள் என்றும் இருந்திருக்கிறார்கள். ஆயினும் மணிமேகலையைக் கதைக்குப் புறம்பானது என்று தள்ளும் அதிகாரம் எவரிடமும் இருக்கவில்லை. இரட்டைக் காப்பியங்கள் என்று இரண்டையும் ஒருங்கே சேர்த்துச் சொல்லிவந்தார்கள். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் அச்சேற்றினார். அந்தப் பிணைப்பு அச்சிலும் தொடர்ந்தது.

எதிர்ப்பும் ஒருவகைப் பாதுகாப்பாக ஆனதுண்டு. பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை மறுக்க எழுந்தது சமண நூலான நீலகேசி. மூலம் மறைந்துபோய் இன்று சில பாடல்களே எஞ்சியிருக்க, குண்டலகேசி என்ன சொன்னது என்று அறிய நமக்கு உதவுவது அதை மறுத்த நூலும், திருப்பருத்திக்குன்றமாகிய ஜினகாஞ்சியோடு தொடர்புடைய வாமன முனிவர் அந்நூலுக்கு எழுதிய உரையுமே. மறுப்பவன் மூலத்தை ஊன்றிப் படித்திருந்தான், எடுத்துக்காட்டி மறுத்தான் என்பதால் நேர்ந்த நன்மை இது. கந்தபுராணத்துக்கும் தொடர்ச்சி வந்தது. கச்சியப்பர் பாடாது விட்ட உபதேச காண்டத்தை ஞானவரோதயரும் கோனேரியப்பரும் தனித்தனியே பாடினார்கள். இரண்டும் நிலைத்தன. காஞ்சியில் அரங்கேறிய நூலோ கடல் கடந்து யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் படிக்க ஒருவர் பயன்சொல்லும் புராணபடனமாகி, அந்த மண்ணின் பண்பாட்டையே பண்டிதமணி கணபதிப்பிள்ளை கந்தபுராணக் கலாசாரம் என்று அழைக்கும் அளவுக்கு வேரோடியது.

அச்சு வந்து, வார இதழ் வந்து, தொடர்கதை வந்தபோது பழைய அவை வேறு உருவில் கூடியது. கல்கி 1941இல் தம் இதழைத் தொடங்கியதும் 'பார்த்திபன் கனவு' எழுதினார். பின்னர் 1944 முதல் 1946 வரை, அந்தக் கதைக்கு முற்பட்ட காலத்துக்குப் போய், நரசிம்ம பல்லவரின் இளமையை 'சிவகாமியின் சபத'மாக எழுதினார். முன்கதை பின்னால் வந்தது. வாதாபிப் போர் முடிந்தபின் சிவகாமிக்கு என்ன கிடைக்கும் என்று வாரந்தோறும் காத்திருந்தவர்களுக்கு, அவள் ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துக்கொள்ளும் முடிவு கிடைத்தது. மாதவியின் மகள் மணிமேகலையும் ஆயனரின் மகள் சிவகாமியும் ஆடற்கலையின் வழிவந்தவர்கள். இருவரும் அரச குலத்தானின் காதலைக் கடந்தவர்கள். இருவரின் கதையும் இதே காஞ்சியில் துறவில் போய் நிற்கிறது. பல நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு எழுத்தாளர்கள், இரண்டு தொடர்புக்கதைகளை, ஒரே ஊரில் ஒரே விதமாக முடித்திருக்கிறார்கள். இரண்டு முடிவுகளும் வாசகர் விரும்பிக் கேட்டவை அல்ல. விரும்பாத முடிவுகளே அதிக நாள் மனத்தில் நின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

'பொன்னியின் செல்வன்' 1954இல் முடிந்தபோது, இன்னார் பின்னர் என்ன ஆனார் என்று கேட்டுத் துளைத்த வாசகர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரையே எழுதினார். அவர்களின் கேள்விகளை வரிசைப்படுத்தி விடைசொன்னார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். அதன்பின் அந்தக் கதையைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதியவர் விக்கிரமன். அது வெளிவந்த இதழ் அவர் ஆசிரியராக இருந்த அமுதசுரபி, மணிமேகலையின் கையில் இருந்த பாத்திரத்தின் பெயர் கொண்ட இதழ். கல்கியின் நடை இவருக்கு வருமா என்ற ஐயத்தோடும், குந்தவையை மறுபடி பார்க்கலாமே என்ற ஆசையோடும் அதைப் பிரித்தவர்கள் பலர். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த வீடுகளில் இரண்டு கதைகளும் ஒரே அலமாரியில் இருந்தன. பழைய தைலம், சோப்பு விளம்பரங்களும் துணுக்குகளும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்புத் தாள்களே அக்கால வாசகர்கள் தந்த தீர்ப்பு.

அதே 1940களில், இந்த ஊரில் பிறந்த அண்ணா காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' இதழை நடத்திக்கொண்டிருந்தார். வால்மீகியின் கதையைத் தமிழில் புதிதாக்கிய கம்பன்மேல் அவருக்கு இருந்த கோபம் ஊரறிந்தது. 1943இல் அந்தக் கோபத்தோடு அவர் மேடையேறினார். எதிரே இருந்தவர்கள் சென்னையில் ரா.பி.சேதுப்பிள்ளையும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியும். கம்பனில் தோய்ந்த அறிஞர்களும் கம்பனை எரிக்கவேண்டும் என்றவரும் ஒரே மேடையில் அமர்ந்து, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் கேட்டார்கள். பின்னர் 'நீதிதேவன் மயக்க'த்தில் இராவணன் வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்துக் கம்பரையும் அவர் விசாரணைக்கு இழுத்தபோது, அதுவும் இராமகதையிலிருந்து கிளைத்த இன்னொரு கதையாகவே ஆயிற்று. சினந்த வாசகன் எழுத்தாளனானான். அவன் எழுதியதும் மரபின் பகுதியானது.

2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது இதே நாடகம் இன்னொரு முறை நடந்தது. பூங்குழலிக்குரிய இடம் எங்கே, சேந்தன் அமுதனின் பிறப்பு மர்மம் எங்கே என்று கேட்டார்கள். கடம்பூர் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை என்பதைப் பலரால் பொறுக்க முடியவில்லை. நாவலின் கடைசிப் பக்கங்களை நனைப்பது அவள் மரணம்தானே. ஆதித்த கரிகாலன் காஞ்சியில் எழுப்பிய பொன்மாளிகையைச் சொற்களால் மனத்தில் கட்டி வைத்திருந்தவர்களுக்கு எந்தக் கலை இயக்குநரின் மாளிகையும் நிறைவளித்திருக்காது. கேட்டவர்களின் வருத்தம் நியாயமானது. எடுத்தவரின் சுதந்திரமும் நியாயமானது. ஆனால் குமரகோட்டத்து அவையை எண்ணிப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு உறுத்துகிறது. அன்று ஒரு எழுத்துப் புணர்ச்சிக்காக ஒருநாள் நூலை நிறுத்தியவர்கள், விடை வந்ததும் ஓராண்டு உட்கார்ந்து கேட்டார்கள். இன்று முதல் காட்சி முடிந்து வெளியே வருமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அறிவியல் புனைவின் துணை நாவலாயினும் சரித்திரக் கதையின் திரைவடிவமாயினும், கேள்வி கேட்டவரே விடைக்குக் காத்திருப்பது அரிதாகிவிட்டது.

பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தால் இந்த ஊர் இதை ஏன் இயல்பாகவே அறிந்திருக்கிறது என்பது விளங்கும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. நெய்பவர் ஒரு பக்கமும் துணையாள் மறுபக்கமும் இருந்து, ஊடைக்கு ஊடை கரை இழையை உடல் இழையோடு கோத்துக்கொண்டே போகிறார்கள். சேரும் இடம் பல்பல்லாகத் தெரியும். அதை யாரும் மறைப்பதில்லை. சேலை நைந்தாலும் கரை தனியே கழன்று வராது என்பதுதான் அந்த நெசவின் பெருமை. வேறொரு கை தொடர்ந்த கதையிலும் இணைப்பு தெரியத்தான் செய்யும். அது தெரிகிறதே என்று நொந்துகொள்வதைவிட, இழுத்தால் பிரிகிறதா என்று பார்ப்பதே வாசகனின் வேலை. இளங்கோவோடு சாத்தனாரை இழுத்துப் பார்த்தோம், பிரியவில்லை.

கல்கியின் எழுத்து இன்று நாட்டுடைமை. அவர் கதைமாந்தரை யாரும் தொடரலாம். எது மெய்யான வந்தியத்தேவன் என்று அறிவிக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. அமெரிக்க வாசகர்களுக்கு வாய்க்காத பேறு இது, சுமையும் இதுவே. உரிமையாளர் இல்லாத இடத்தில் காக்கும் பொறுப்பு வாசகரிடம் வந்து சேர்கிறது. நாளை ஜீனோவின் கதையை யாரோ தொடர்வார்கள். சிவகாமியை இன்னொருவர் வேறு முடிவுக்கு அழைத்துப்போவார். அவற்றில் பெரும்பாலானவை நமக்குப் பிடிக்காமல் போகும். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையை நம் முன்னோர் நமக்கு முழுமையாகவே விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதனோடு இரண்டு கடமைகளையும் விட்டுச் சென்றார்கள்: எந்த இடம், எந்த விதி என்று சுட்டிச் சொல்வது ஒன்று, விடை வரும்வரை எழுந்து போகாமல் அவையில் இருப்பது மற்றொன்று. நூறாண்டு கழித்து எது நிற்கும் என்பதை நாம் தீர்மானிக்கப் போவதில்லை. நம் மறுப்பு நீலகேசியைப் போலக் காரணத்தோடு எழுதப்பட்டிருந்தால், நாம் விரும்பாத நூலையும் அது வருங்காலத்துக்குக் கொண்டுசேர்க்கும்.