சத்தம் ஆகாத குழந்தை

நம் கோயமுத்தூர்க்காரர்களுக்கு சினிமா என்றால் ஒரு தனிப் பிரியம்தான். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-லேயே வெரைட்டி ஹால் கட்டிப் படம் காட்டிய ஊராயிற்றே! இருந்தும், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தியேட்டர்களை மூடிய பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி போனது 2022 ஜூனில், கமல்ஹாசனின் 'விக்ரம்' படத்துக்கு. டைரக்டர் லோகேஷ் கனகராஜ் நம்ம கிணத்துக்கடவுப் பையன் என்பதால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பாசம்!

1986-ல் வந்த 'விக்ரம்', சுஜாதா எழுதிய உளவாளிக் கதை. அதே பெயருள்ள உளவாளிக்கு வயதான பிறகு நடப்பது இந்தப் படம். மூன்று மணி நேரத்துக்கு ஏழெட்டு நிமிஷம்தான் குறைவு. இடைவேளை, விளம்பரம் வேறு. பின்பாதியில் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "இன்னும் எத்தனை பேரைச் சுடோணுமுங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டே விட்டேன். ஆனால் வீட்டு வேலைக்காரியாக வரும் டீனா, தானும் உளவாளிதான் என்று காட்டி எதிரிகளைப் பந்தாடும் இடத்தில் பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். நானும்தான்!

கதையில் கமலின் பேரனுக்கு இதய நோய். உரத்த சத்தம் ஆகாது. அந்தப் பிஞ்சைக் காப்பாற்றத் தாத்தா படும் பாட்டைப் பார்த்து எல்லோரும் உச்சுக் கொட்டினோம். அதே நேரம் என் பக்கத்து ஸீட்டில் நிஜமான ஆறு மாதக் குழந்தை ஒன்று, ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப் போட்டு வீரிட்டது.

"பாப்பாவுக்குச் சத்தம் சேரலை போலிருக்கு, அம்மணி" என்றேன்.

"காதுல பஞ்சு வெச்சிருக்கேனுங்கக்கா. விட்டுட்டு வர ஆளில்லீங்க. பிரசவத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் வெளியில வர்றேன்" என்றாள்.

பாவம், அவளை எப்படிக் கோபிப்பது?

ஆனால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வேலை செய்யும் இடங்களில் பெரியவர்களுக்கே 85 டெசிபல் சத்தம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் என்பது நிபுணர்கள் சொல்லும் வரம்பு. நம் மிக்ஸி சத்தம் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணிதான். குழந்தையின் காதுத் துவாரம் சிறியது. அதனால் அதே சத்தம் அதற்கு இன்னும் பலமாக விழும். உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் கெட்டால் திரும்ப வளராது. பஞ்சு அதிகம் தடுக்காது. குழந்தை தூங்கிவிட்டாலும் காதுக்குள் சத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே கைக்குழந்தை வீட்டில் இருக்கட்டும். ஆனால் அம்மாவும் வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு காட்சிக்கு அப்பா குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். அம்மா தோழியோடு போய் வரட்டும். பாட்டியோ அத்தையோ இருந்தால் இன்னும் சௌகரியம். கிளம்புமுன் பாலூட்டி, கொஞ்சம் பாலைப் பிழிந்து மூடி வைத்தால் மூன்று மணி நேரம் சமாளிக்கலாம். வேறு வழியே இல்லாமல் தூக்கிப் போனால், ஓர ஸீட்டில் உட்காருங்கள். குழந்தை முதல் தடவை தூக்கிப் போட்டதுமே வெளியே வந்துவிடுங்கள். அப்போது எழுந்து வருவது அப்பாவாக இருக்கட்டுமே!

படத்துப் பேரனுக்காகக் கண் கலங்குகிற ஆண்கள், சொந்தப் பிள்ளையை மூன்று மணி நேரம் மடியில் வைத்துக்கொள்ள மாட்டார்களா என்ன?