பங்களாவுக்கு நிலம் உண்டு, லயத்துக்கு இல்லையா?

ஊவா மலைகளில் இன்று அதிக விலைக்குப் போவது தேயிலை அல்ல. தேயிலையைப் பார்த்தபடி ஓர் இரவு உறங்குவது. ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று எந்தப் பக்கம் திரும்பினாலும், ஒரு காலத்தில் பெரிய துரை குடியிருந்த பங்களா இன்று உயர்தர விடுதியாக நிற்கின்றது. துரை படுத்த கட்டில், துரை குளிர்காய்ந்த கணப்பு, துரை மாலைத் தேநீர் அருந்திய புல்தரை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். விடியும்போது வெள்ளைச் சீருடை அணிந்த பரிசாரகர் கதவைத் தட்டித் தேநீர் கொண்டு வருவார். விளம்பரப் படங்களில் கூடையுடன் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் மாலையில் எந்த வீட்டுக்குத் திரும்புகிறார் என்பதை மட்டும் எந்தப் படமும் காட்டுவதில்லை.

விடுதிகள் கூடாது என்பதல்ல எனது கட்சி. பயணிகள் வரட்டும், பணமும் வரட்டும். ஆனால், "காணி இல்லை, காணி இல்லை" என்று தொழிலாளிக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஒரு மலையில், விடுதிக்கு மட்டும் காணி எப்படிக் கிடைத்து விடுகின்றது? எனக்குள்ள கேள்வி இது ஒன்றுதான். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் இதைப் பல அமைச்சர்களிடமும் பல கம்பெனி அதிகாரிகளிடமும் கேட்டிருக்கிறேன். விடை கிடைக்காதபடியால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் காணி யாருடையது என்று பார்ப்போம்.

கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலத்தில், 1890ஆம் ஆண்டு, ஸ்கொட்லாந்து வணிகர் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் கால் வைத்தார். அவர் கட்டிய தொழிற்சாலை இன்றும் நிற்கின்றது. அவர் அமர்ந்து தமது தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலையுச்சியில் அவருக்குச் சிலையும் உண்டு. 1893இல் தோன்றிய பண்டாரவளை ஹோட்டல் துரைமார் கூடிக் களித்த இடம். ரயில் பாதை மலையேறி 1924இல் பதுளையை அடைந்தது. 1931இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் ஹப்புத்தளையில் அடிசம் மாளிகையைக் கட்டினார். அது இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். இந்தப் பெயர்களும் ஆண்டுகளும் ஒவ்வொரு பயண நூலிலும் உண்டு. காட்டை வெட்டி, கல்லைப் புரட்டி, கன்றை நட்டவர்கள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டவர்கள் என்பது, அந்த நூல்களில் இருந்தாலும், ஒரு வரியில் முடிந்துவிடும்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது 2045 வரையான 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. ஆகவே இது கம்பெனியின் நிலம் அல்ல, அரசின் நிலம்; பொதுமக்களுக்குச் சொந்தமான நிலம். அந்தப் பொதுமக்களுள் லயத்தில் இருப்பவரும் ஒருவர். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் இரண்டு நாடுகளுக்கிடையே பங்கு போடப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு ஒருவாறு நாட்டவராக ஏற்கப்பட்ட மக்கள் இவர்கள். பிரஜையான பிறகும், தாத்தா பிறந்த காம்பராவுக்கு இவர்களில் பெரும்பாலோரிடம் உறுதிப்பத்திரம் இல்லை.

பழைய தோட்டக் கட்டடத்தை விடுதியாக்கும் வழியை முதலில் காட்டியது மத்திய மாகாணம். கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் நட்சத்திர விடுதியாயிற்று. 2005இல் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் துரை பங்களாக்கள் சில ஒன்றுசேர்ந்து உலகப் புகழ் பெற்ற விடுதித் தொகுதியாயின. அதன் பின்னர் ஊவாவும் அதே வழியில் இறங்கியது. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்க உலகமே எல்லவுக்கு வருகின்றது. வருகிறவர் தங்க வேண்டும். தங்குமிடம் அழகான இடத்தில் இருக்க வேண்டும். இதில் தவறு ஏதுமில்லை.

இனிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பங்களா விடுதியில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 300 டொலர் என்று வைத்துக்கொள்வோம். இதைவிடக் கூடிய வாடகையும் உண்டு. டொலருக்கு 300 ரூபா என்றால் அது 90,000 ரூபா. 2015 முதல் நாட்கூலி ஆயிரம் ரூபா கேட்டுப் போராடிய தொழிலாளிக்கு 2021இல்தான் அது கிடைத்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தின்படி அடிப்படை நாட்கூலி 1,550 ரூபா, அரசு வழங்கும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபா, ஆக 1,750. கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேர் விழாமல், மழையில் வேலை நிற்காமல், முழுப்பேராகவே கிடைத்தாலும், அந்த ஓர் இரவின் வாடகையைச் சம்பாதிக்க ஒரு பெண் 52 நாட்கள் மலையேற வேண்டும். அதாவது இரண்டு மாத உழைப்பு.

காணியின் கணக்கு இன்னும் தெளிவானது. எல்லவில் ஒரு விடுதி தனது பெயரிலேயே 98 ஏக்கரை வைத்திருக்கின்றது. அந்த விடுதியைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அளவை உணர்த்தவே சொல்கிறேன். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு 2015க்குப் பின் வீட்டுக்காக ஒதுக்கப்பட்ட அளவு 7 பேர்ச்சஸ். 98 ஏக்கரில் 2,240 குடும்பங்கள் குடியேறலாம். ஒரு பெயர்ப்பலகைக்குள் அடங்கிய நிலப்பரப்பு, ஒரு சிற்றூருக்குப் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஊவாவில் இத்தகைய பங்களா விடுதி ஒன்றில் நண்பர் ஒருவரின் விருந்தினராக ஓர் இரவு தங்கினேன். பெயர் வேண்டாம். பரிமாறிய இளைஞர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் பேசியதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். வீடு எங்கே என்றேன். "கிட்டத்தான் ஐயா. அந்தா தெரியுதே மூங்கில் வேலி, அதுக்குப் பின்னால எங்க லயம். வர்றவங்க கண்ணுக்குப் படக்கூடாதுன்னு வேலி போட்டாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வழி சொல்வதைப் போலச் சொன்னார். மறுநாள் அந்த வேலியைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள். ஒன்றின் நீளமும் அகலமும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. கூரைத் தகரம் பறக்காதிருக்கக் கல் வைத்திருந்தார்கள். ஒரு குழாயடியில் பத்துக் குடங்கள் வரிசையில் இருந்தன. விடுதியில் நான் குளித்த தொட்டியை நிரப்ப எத்தனை குடம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"மலைச்சரிவு ஆபத்தானது, அங்கே வீடு கட்ட அனுமதிக்க முடியாது" என்று சொல்லப்படுவதுண்டு. நல்லது. ஆபத்தான சரிவில் இருக்கும் பழைய லயத்தை ஏன் அப்புறப்படுத்தவில்லை? கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரியும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கியது. லயங்கள் இருந்த இடம் தெரியாமல் மூடுண்டன. அந்த எச்சரிக்கைகளுக்குப் பின்னரும் அம்மக்கள் அங்கேயே விடப்பட்டதற்கு ஒரு முக்கிய காரணம், போக வேறு நிலம் தரப்படாதது.

உயிர் தப்பியவர்கள் எங்கே தங்கவைக்கப்பட்டனர் தெரியுமா? பூனாகலைப் பக்கத்தில் இயங்காமல் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில். 75 வீடுகள் கட்டி ஒப்படைக்கப்பட்ட 2016 வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், சாக்கும் சேலையும் கட்டி மறைத்த தடுப்புகளுக்குள் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலை கந்தப்பளையில் நட்சத்திர விடுதியாயிற்று. கைவிடப்பட்ட இன்னொன்று பூனாகலையில் அகதி முகாமாயிற்று. முதலீடும் பொறியியலாளரும் முன்னதற்குத்தான் வந்து சேர்ந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, பதுளை மாவட்டமும் மிகக் கொடிய அடி வாங்கியது. மீரியபெத்தைக்குப் பின்னர் பதினொரு ஆண்டுகள் இருந்தன. அந்தப் பதினொரு ஆண்டுகளில் ஊவாவில் முளைத்த விடுதிகளையும், பத்திரமான இடத்துக்கு மாற்றப்பட்ட லயங்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க எந்த அதிகாரியாவது முன்வருவாரா?

மறுப்புகளும் உண்டு. அவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். விடுதி ஆக்கியிராவிட்டால் இந்தப் பங்களாக்கள் பாழடைந்து விழுந்திருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால், கட்டடத்தைக் காக்கப் பணம் தேடியவர்களுக்கு, குடியிருப்பவரைக் காக்கப் பணம் தேடத் தோன்றவில்லை. விடுதிகள் தோட்டத்து இளைஞருக்கு வேலை தருகின்றன என்பார்கள். அதுவும் உண்மை. ஆனால் நான் பார்த்த இடங்களில் அவர்கள் தோட்டத்திலும் அடுக்களையிலும் காவலிலும் நின்றார்கள். கணக்கு மேசையில் அல்ல. அன்று பங்களாவில் அப்புவாக இருந்தவரின் பேரன் இன்றும் அதே பங்களாவில் அதே தட்டை ஏந்தி நிற்பதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வீடுகள் கட்டப்படுகின்றனவே என்பார்கள். ஆம், இந்திய உதவியுடன் 4,000 வீடுகள், அதற்கு மேல் 10,000 என்று 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். 2025 அக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி தலைமையில் இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. இவற்றை வரவேற்கிறேன். ஆனால் வீட்டுக்குப் பிற நாட்டின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருப்பதும், விடுதிக்கு உள்நாட்டில் எல்லாக் கதவும் திறப்பதும் ஏன்?

வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு ஜப்பானைக் காட்டுவேன். விடுதியில் தங்குபவரிடம் இரவுக்கு இவ்வளவு என்று வரி வாங்கும் முறையை டோக்கியோ 2002இலேயே கொண்டு வந்தது. பயணிகளின் நெரிசலால் மூச்சுத் திணறும் கியோட்டோ நகரம் 2018இல் அதைப் பின்பற்றியது. 2026 மார்ச் முதல் அங்கே ஓர் இரவுக்கு ஒரு லட்சம் யென்னும் அதற்கு மேலும் கொடுத்துத் தங்குபவர் ஒவ்வொருவரும் 10,000 யென் வரி செலுத்த வேண்டும். அதாவது, ஆடம்பரமாகத் தங்குகிறவர் அந்த ஊரில் வாழ்பவருக்கு ஒரு பங்கு தரவேண்டும். அதனால் கியோட்டோவுக்குப் போவதை எவரும் நிறுத்திவிடவில்லை. இலங்கையிலும் சுற்றுலா அபிவிருத்தி அறவீடு உண்டு. விடுதியின் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று. அந்தப் பணம் போவது சுற்றுலாவை வளர்க்க. சுற்றுலாவுக்குக் காட்சிப் பொருளாக நிற்கும் மக்களுக்கு அதில் சட்டப்படி ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை.

எனது கோரிக்கை எளிது. பெருந்தோட்டக் காணியிலோ பங்களாவிலோ விடுதி நடத்த அனுமதி கேட்கும் எவரும், அந்தத் தோட்டப் பிரிவின் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் உறுதிப்பத்திரத்தோடு காணி பிரித்துக் கொடுக்கப்பட்ட பிறகே அனுமதி பெற வேண்டும். முன்னரே இயங்கும் விடுதிகளில் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தொகை அந்தப் பிரிவின் வீடமைப்புக்கு ஒதுக்கப்பட்டு, கணக்கு அந்த மக்களின் முன் வைக்கப்பட வேண்டும். சுவரில் துரைமாரின் படங்களை மாட்டுகிறவர்கள், அந்தச் சுவரைக் கட்டியவர்களின் வரலாற்றுக்கும் ஒரு சுவர் ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி என்ற பழைய பண்ணை, 2014 முதல் எசமானரின் கதையை விடுத்து அடிமைகளின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகமாக இயங்குகின்றது. எங்கள் மக்கள் அடிமைகளாக வாங்கப்பட்டவர்கள் அல்லர், கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஆனாலும் கதையை யார் பக்கத்திலிருந்து சொல்வது என்ற கேள்வி இங்கும் அதேதான்.

இறுதியாக, ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு ஊவா வரும் தமிழ் அன்பர்களுக்கு ஒன்று. தாராளமாக வாருங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் காற்றில் ஊவாத் தேயிலைக்கு வரும் மணம் வேறெங்கும் கிடைக்காது. பங்களாவிலேயே தங்குங்கள். ஆனால் அறையை எடுக்கும் முன்னர் முகாமையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தோட்டத்து லயம் எங்கே இருக்கின்றது? அங்கே இருப்பவர்களில் எத்தனை பேரிடம் காணிக்கு உறுதி இருக்கின்றது? நான் கொடுக்கும் வாடகையில் அவர்களுக்கு எவ்வளவு போகின்றது? முதல் ஆள் கேட்டால் சிரிப்பார்கள். ஐம்பதாவது ஆள் கேட்கும்போது விடை தயாராக வைத்திருப்பார்கள். நூறாவது ஆள் கேட்டால் கம்பெனியின் கொழும்புத் தலைமையகத்துக்குக் கடிதம் போகும். நாங்கள் பத்திரிகையில் இத்தனை காலம் எழுதியும் நடவாதது, பணம் கொடுப்பவர் கேட்டால் நடக்கும்.