மீனை விட்டால் போதுமா?

51 வயதில் மாதவிலக்கு நின்றது. இரவெல்லாம் உடம்பு கொதிக்கும்; மின்விசிறி ஓடினாலும் ரவிக்கை நனைந்துவிடும். "கவிச்சியை விட்டுடு அண்ணி, சூடு தணியும்" என்றாள் நாத்தனார். விட்டேன். மீன் இல்லாமல் சோறு இறங்காத புதுச்சேரிக்காரிக்கு அது சின்ன விஷயமில்லை.

நாலைந்து வருஷம் கழித்து உள்ளங்கால் மரத்துப் போயிற்று. வயசுக் கோளாறு என்றிருந்தேன். இரத்தத்தில் பி12 குறைவு என்றார் டாக்டர். அந்தச் சத்து காய்கறி, பருப்பில் கிடையாது. மீன், முட்டை, இறைச்சி, பாலில்தான் உண்டு. நானோ பாலையும் தொடாமல் ரசம் சோறும் அப்பளமுமாக ஓட்டியிருந்தேன். முள்ளோடு மென்ற நெத்திலி தந்த சுண்ணாம்புச் சத்தும் போயிற்று. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும் சமயம் அது.

சைவத்தைக் குறை சொல்லவில்லை. இன்றும் நான் சைவம்தான். ஆனால் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். தயிர், பருப்பு, எள், முருங்கைக்கீரை வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பி12-க்கு டாக்டரைக் கேட்டு மாத்திரை.

வீட்டிலுள்ளவர்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறோம். நம் தட்டில் என்ன இருக்கிறது என்றும் ஒருநாள் பார்க்கலாமே!