பத்திரமில்லாத மணமும் 'முறையற்ற' பிள்ளையும்

ஆங்கிலத்தில் 'இல்லெஜிட்டிமேட்' என்றொரு சொல் உண்டு. சட்டம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. சட்டத்துக்குப் புறம்பான எதனையும் அது குறிக்கும். மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் குறிக்கும். ஆட்சியையும் உரிமைக்கோரலையும் இச்சொல்லால் சாடும் வழக்கம் பின்னர் வந்ததே. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் அது முதலில் ஒட்டிக்கொண்டது பிறப்பின் மீதுதான். தமிழிலும் 'சட்டமுறையற்ற பிள்ளை' என்றே அதனைப் பெயர்த்துக்கொண்டோம். அப்பிள்ளை மீறிய சட்டம் யாது என்று கேட்பாரில்லை.

ஊவா மாகாணத் தோட்டங்களில் இச்சொல்லின் பாரம் தனியானது. பதுளை, பசறை, தெமோதரை, அப்புத்தளை, லுணுகலை என விரிந்து கிடக்கும் தோட்டப்புறங்களில், கோயிலில் தாலி கட்டி, ஊரறியக் குடும்பம் நடத்தி, விவாகப் பதிவாளரின் வாசலை மிதிக்காமலே பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள் உண்டு. ஒருநாட் சம்பளத்தை இழந்து நகருக்குச் செல்ல அவர்களுக்கு அவசியம் தோன்றவில்லை. ஆனால், பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெற்றோர் விவாகமானவர்களா என்றொரு கூடு இருந்தது. பதிவுப் பத்திரத்தைக் காட்ட முடியாதவரின் பிள்ளைக்கு அதில் 'இல்லை' என்று விழுந்துவிடும். பெற்றோர் மணமாகாதவர் எனக் கொள்ளப்பட்டால், தாயும் தந்தையும் இணைந்து கோரினாலன்றி அல்லது நீதிமன்றம் கட்டளையிட்டாலன்றி, தந்தையின் பெயரைப் பதிவாளர் எழுதலாகாது என்பது 1951ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் விதி.

விந்தை யாதெனில், பதிவு இல்லாத மணம் செல்லாது என்று இந்நாட்டுச் சட்டம் கூறவே இல்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பதிவேட்டைச் சிறந்த சான்றாகக் கொள்கிறதேயன்றி, வழமைச் சடங்குகளுடன் நடந்த மணத்தை இல்லாததாக்கவில்லை. கணவன், மனைவியாக வாழ்ந்தமை நிரூபிக்கப்பட்டால், மாறாகத் தெளிவான சான்று இல்லாதவரை அவர்கள் முறைப்படி மணந்தவர்கள் என்றே ஊகிக்க வேண்டும் என, இலங்கையிலிருந்து சென்ற மேன்முறையீடு ஒன்றில் பிரித்தானியக் கோமறைக் கழகம் 1881இலேயே தீர்ப்பளித்தது. வழக்காளிகள் தமிழர்கள்.

முஸ்லிம்களின் நிலையும் இதுவே. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பதிவு செய்தமையினாலோ செய்யாமையினாலோ மாத்திரம் ஒரு மணம் செல்லுபடியாவதோ செல்லாமற்போவதோ இல்லை என்கிறது. நிக்காஹ்தான் மணம், பதிவு அதற்குச் சான்று. பதுளையிலோ வெலிமடையிலோ நிக்காஹ் நிறைவேறி, பதிவு தவறிய ஒரு தம்பதியின் பிள்ளையை அச்சொல்லால் சுட்டுவதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, நாட்டுச் சட்டத்திலும் இடமில்லை.

மலையகத்தில் இது வெறும் மானப் பிரச்சினையாகவும் நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையின், பாட்டனின் பிறப்பிடத்தைக் கேட்டது. மணவுறவுக்கு வெளியே பிறந்தவராயின் தந்தை என்பதைத் தாய் என்று வாசிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. ஆகவே ஒருவர் எந்த வழியில் தமது வேரை நிரூபிப்பது என்பதே பெற்றோரின் மணத்தைப் பொறுத்ததாயிற்று. அடுத்த ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் மணமானவரிடம் 7 ஆண்டு வதிவையும் ஏனையோரிடம் 10 ஆண்டு வதிவையும் எதிர்பார்த்தது. தாலிக்குப் பத்திரம் இல்லாதவருக்கு அந்த மூன்றாண்டு வேறுபாடு சிறிய விடயமா? நாடற்றோர் பிரச்சினை 1964, 1974 ஒப்பந்தங்களையும் 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களையும் கடந்தே ஓய்ந்தது.

சொல்லை மாற்றுவது இயலாத காரியமன்று. 1889ஆம் ஆண்டின் பராமரிப்புக் கட்டளைச் சட்டத்தில் இருந்த பழைய சொல்லைக் கைவிட்டு, 'விவாகத்துக்குப் புறம்பான பிள்ளை' என்ற பொருள்தரும் சொல்லை 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் 1876ஆம் ஆண்டின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம், அத்தகைய பிள்ளைக்குத் தாயின் சொத்தில் மாத்திரம் பங்கு கொடுத்து, தந்தையின் சொத்தை மறுத்தது. லயன் அறைக்கு உறுதி இல்லாதிருந்த காலத்தில் இதனை யாரும் பெரிதுபடுத்தவில்லை. காணி உறுதியும் தனிவீடும் பேசப்படும் இந்நாட்களில், தந்தையின் பெயரில் கிடைக்கும் சில பேர்ச்சஸ் நிலத்துக்கு உரியவர் யார் என்ற கேள்வி எழவே செய்யும்.

புதிய பிறப்புப் பத்திரத்தில் பெற்றோரின் விவாக நிலை இடம்பெறாது என 2020இல் அறிவிக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் தோட்ட வீடுகளின் தகரப் பெட்டிகளில் இருப்பவை பழைய பத்திரங்கள். பெற்றோர் பின்னர் முறைப்படி மணந்தால் அவர்களுக்கு முன்பே பிறந்த பிள்ளைகளும் சட்டமுறையானவர்களாவர் என்கிறது விவாகப் பதிவுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் தாலி கட்டியவர்களை மீண்டும் மணமக்களாக்குவது வேடிக்கைதான் எனினும், இப்போதைக்குக் கைவசமுள்ள இலகுவான வழி அது. பிரதேச செயலகங்கள் நடமாடும் சேவைகளை நகரங்களில் நடத்துவதைவிட, தோட்டத்துக்கே கொண்டு சென்று, சம்பள நாளை அடுத்த ஞாயிறொன்றில் நடத்தினால் வருவோர் பலர் இருப்பர்.